பழைய வீட்டை இடித்தால் வரும் ரப்பீஸ் யார் பொறுப்பு?

பாளையங்கோட்டையில் மூன்று சென்ட் மனையில் இருக்கும் தாத்தா காலத்து வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் மாடியோடு புது வீடு கட்டப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். இடிக்க வருகிறவர் "ரப்பீஸ நாங்க பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க" என்கிறார். எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. மாநகராட்சி அபராதம் போடுமா, இடிபாட்டில் எதையாவது புது வீட்டுக்கு எடுக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் இந்த இரண்டுக்கும் அடியில் உங்களை உறுத்துவது வேறு ஒன்று என்று தோன்றுகிறது. வண்டி உங்கள் வாசலை விட்டுக் கிளம்பிய பிறகும் அந்த இடிபாடு உங்களுடையதுதானா என்பது. உங்களுடையதுதான். அது எங்கே போகும் என்பதை முதல் கடப்பாரை விழுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. இடித்த பிறகு யோசித்தால் வழி இல்லாமல் போய்விடும். நெல்லைப் பக்கம் நீண்ட காலமாகக் கட்டட வேலை பார்க்கும் இன்ஜினியர் நான். சின்ன மனைகளில் பழையதை இடித்துப் புதியது கட்டுவதுதான் இப்போது எங்களுக்கு வருகிற வேலைகளில் பெரும்பகுதி, அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2016 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கட்டுமான, இடிபாட்டுக் கழிவுகளுக்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்தது. கழிவை உண்டாக்குகிறவர்தான் அதைத் தரம் பிரித்து, தன் மனைக்குள்ளேயே வைத்திருந்து, உள்ளாட்சி காட்டும் இடத்தில் சேர்க்க வேண்டும், சாலையிலோ வாறுகாலிலோ (தெருச் சாக்கடை) பொது இடத்திலோ கொட்டக் கூடாது என்பது அதன் சாரம். ஒரு நாளில் 20 டன்னுக்கு மேல் அல்லது ஒரு மாதத்தில் 300 டன்னுக்கு மேல் கழிவு வரும் வேலையென்றால், கான்கிரீட், மண், செங்கல்லும் காரையும், பிறகு இரும்பு மரம் பிளாஸ்டிக் என்று நான்காகப் பிரித்து, கழிவுத் திட்டம் ஒன்றை எழுதி முன்கூட்டியே உள்ளாட்சியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்லின. இது பெரிய கம்பெனிகளுக்குத்தானே என்று நினைப்போம். ஆனால் ஜே.சி.பி வைத்து ஒரே நாளில் தரைமட்டமாக்கி அன்றைக்கே டிப்பரில் ஏற்றினால் உங்கள் மூன்று சென்ட் வீடே அந்த 20 டன்னைத் தாண்டிவிடும். 2025 ஏப்ரலில் புதிய விதிகளை அறிவித்திருக்கிறார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் பழையவற்றின் இடத்தில் அவைதான் நடைமுறை. அதில் உள்ள கனமான கடமைகள் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்களுக்கு, உங்களுக்கு அல்ல. ஆனால் பொது இடத்தில் கொட்டக் கூடாது என்பது சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் பொதுதான். அபராதத் தொகை உள்ளாட்சிக்கு உள்ளாட்சி வேறு, அவ்வப்போது மாறுவதும் உண்டு. அதனால் பாளையங்கோட்டை மண்டல அலுவலகத்தில் நேரில் போய், தொகை எவ்வளவு, ரப்பீஸ் கொட்ட இப்போது எந்த இடத்தைக் குறித்திருக்கிறார்கள், கட்டணம் உண்டா என்று மூன்றையும் சேர்த்தே கேட்டு வந்துவிடுங்கள். வீட்டை இடிப்பதையும் அங்கே தெரிவிக்க வேண்டியிருக்கும், சொத்து வரிக் கணக்கும் அதோடு சம்பந்தப்பட்டது, ஒரே நடையில் முடியும்.

இனி அளவு. எவ்வளவு வரும் என்று தெரியாமல் திட்டம் போட முடியாது. தொழில்நுட்பங்களை ஆராய்ந்து கணிக்கிற மத்திய அரசின் டைஃபாக் அமைப்பு போட்ட கணக்கு ஒன்று ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. கட்டடத்தை இடித்தால் சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ, புதிதாகக் கட்டும்போது 40 முதல் 60 கிலோ. உங்கள் வீடு 900 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் சுமார் 84 சதுர மீட்டர். பழைய வீடுகளுக்குச் சுவர் கனம் அதிகம், அதனால் மேல் எல்லையையே எடுத்துக்கொள்ளலாம், 40 டன்னுக்குக் குறையாது. நம் ஊர் அளவில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, உதிரியான செங்கல் காரை ரப்பீஸ் ஒரு யூனிட் மூன்றரை முதல் நான்கு டன் வரை வரும். ஆக, பத்துப் பன்னிரண்டு யூனிட். சுவராக நிற்கும்போது கொஞ்சமாகத் தெரிவது இடிந்து விழுந்தால் ஒன்றரை மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும், அதையும் கணக்கில் வையுங்கள். இது காகிதக் கணக்குதான். சுவர் ஒன்றரைக் கல்லா இரண்டு கல்லா, மேலே ஓடா தளமா என்பதைப் பொறுத்து மேலே கீழே போகும்.

இப்போது எதிர்ப்பக்கக் கணக்கைப் பாருங்கள். தெருவுக்கு மேல் தெரு போட்டு ரோடு உயர்ந்துகொண்டே வருவதால் புது வீட்டுக்கு எல்லோரும் பேஸ்மென்டை உயர்த்துகிறார்கள். அதே 900 சதுர அடிக்கு இரண்டு அடி உயரம் நிரப்ப வேண்டுமென்றால் 1800 கன அடி, பதினெட்டு யூனிட். சுவர்கள் அடைக்கிற இடத்தைக் கழித்தாலும் பதினைந்து யூனிட் நிரப்பு மண் நீங்கள் விலை கொடுத்து வாங்கப் போகிறீர்கள். அதாவது காசு கொடுத்துப் பத்து யூனிட்டை வெளியே அனுப்பிவிட்டு, அதைவிட அதிகமாகக் காசு கொடுத்து உள்ளே கொண்டுவருகிறீர்கள். அந்த மண்ணும் சும்மா வரவில்லை, எங்கோ ஒரு குளமோ பொத்தையோ (சிறு குன்று) தோண்டப்படுகிறது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜல்லியும் எம்-சாண்டும் எப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகின்றன என்பதை அறிந்தவர்கள் மனைக்குள் கிடக்கிற நல்ல சரக்கை வெளியே எறிய மாட்டார்கள். உங்களைப் போன்ற சின்ன வேலைகளில் முறையாகப் பிரித்து எடுத்தால் வெளியே போக வேண்டியது ஒன்றிரண்டு யூனிட்டுக்குள் அடங்கிவிடும் என்பது நான் பலமுறை பார்த்தது.

முறையாகப் பிரித்து என்கிற இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. ஜே.சி.பி ஒரு நாளில் இடிக்கும், மலிவு, சத்தம் சீக்கிரம் ஓயும். ஆனால் செங்கல், காரை, வயர், பிவிசி பைப், மரத்தூள், ஜன்னல் கண்ணாடி, பழைய துணி என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொடுத்துவிடும். கலந்த பிறகு அதைப் பிரிப்பதற்கு ஆகிற கூலியை யாரும் தர மாட்டார்கள், அதனால்தான் அது குளக்கரைக்குப் போகிறது. மாறாக வீட்டைக் கட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் மின் இணைப்பைத் துண்டித்து மீட்டரை ஒப்படையுங்கள், குடிநீர்க் குழாயையும் பாதாளச் சாக்கடை இணைப்பையும் அடைத்துவிடுங்கள். பிறகு கதவு, ஜன்னல், நிலை. அடுத்து வயரிங், குழாய்கள். பிறகு ஓடு, உத்திரம், கட்டைகள். தார்சாவிலும் (முன்வராந்தா) பட்டாசலிலும் (கூடம்) பதித்திருக்கிற பட்டியக்கல்லை உடைக்காமல் நெம்பி எடுங்கள், புது வீட்டில் வாசற்படிக்கும் துவைகல்லுக்கும் பின்வாசல் நடைக்கும் அதைவிட நல்ல கல் கிடைக்காது. எல்லாம் போன பிறகு சுவர், மேலிருந்து கீழாக, வரி வரியாக. ஆள் வைத்துச் செய்தால் ஒரு வாரம் பத்து நாள் கூடுதலாகும், கூலியும் ஏறும். அதற்கு ஈடாகச் செங்கல்லும் மரமும் நிரப்பும் உங்கள் கையில் இருக்கும். அஸ்திவாரத்தையும் கான்கிரீட் தளத்தையும் மட்டும் பிரேக்கருக்கு விட்டால் போதும்.

செங்கல்லைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள். உங்கள் வீடு சுண்ணாம்புக் காரையில் கட்டியதென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். கொத்துக் கரண்டியின் விளிம்பால் தட்டினாலே காரை உதிர்ந்து செங்கல் முழுசாக வரும். சிமென்ட் கலவையில் கட்டிய சுவரென்றால் செங்கல் முதலில் உடையும், கலவை உடையாது, அதில் மறுபயன்பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். முழுசாக வந்த கல்லை எப்படிப் பார்ப்பது? இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. நன்றாக உலர்ந்த கல்லை நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுத் திரும்ப நிறுத்தால் எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கக் கூடாது, செங்கல்லுக்கான இந்தியத் தரம் சாதாரணக் கல்லுக்குக் கொடுத்திருக்கிற எல்லை அது. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைக்கும் உள்ள கல் பெரும்பாலும் உப்புப் பூத்து அரித்திருக்கும், அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், சுவருக்கு ஆகாது. தேறிய கல்லைக் காம்பவுண்டுக்கும் உள் தடுப்புச் சுவருக்கும் தாராளமாக வைக்கலாம். காலம் (கான்கிரீட் தூண்), பீம் போட்டுக் கட்டுகிற வீட்டில் சுவர் பாரம் தாங்குவதில்லை, அடைப்புதான், அதனால் அங்கேயும் ஆகும். பாரம் தாங்கும் சுவராகவே கட்டப் போகிறீர்கள் என்றால் சில கற்களை ஆய்வகத்தில் அழுத்திப் பார்த்து எண் வாங்காமல் வைக்கக் கூடாது. பழைய கல்லின் அளவு இப்போதைய சூளைக் கல் அளவோடு ஒத்துப்போகாது, இரண்டையும் ஒரே சுவரில் கலக்காதீர்கள், பூச்சுக் கனம் எகிறிவிடும்.

அரைக்கல், கால்கல் என்று உடைந்தவற்றுக்கு நம் ஊரில் முன்பு அருமையான பயன் ஒன்று இருந்தது, இப்போது வெள்ளை டைல் வந்து அதை மறக்கடித்துவிட்டது. தட்டட்டியில் (மொட்டை மாடி) மழைநீர் இறங்காமலும் வெயில் ஏறாமலும் இருக்கச் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் குழைத்துப் போட்டு, தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். 20 மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்த செங்கல் ஜல்லி 32 பங்கு, நீர்த்த சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு, மணல் கிடையாது, பொதுப்பணித் துறை வேலைகளில் வழக்கமாக எழுதுகிற கலவை இது. செய்யத் தெரிந்த கொத்தனார் இப்போது குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் டவுனிலும் பாளையிலும் தேடினால் வயசான கொத்தனார்கள் இருக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் மேல் மாடியில் படுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காரை ஒட்டாத சுத்தமான உடைகல் மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்கும் ஆகும், கூழாங்கல்லுக்கு அடியில் போடலாம். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் அது கட்டாயம்தானே, எப்படியும் குழி தோண்டப் போகிறீர்கள்.

மீதி ரப்பீஸ் பேஸ்மென்டுக்கு. ஆனால் அள்ளிக் கொட்டி மூடிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள், இங்கே அவசரப்படுகிறவர்களின் வீட்டில்தான் இரண்டாம் வருடம் டைல் இறங்குகிறது. கை முஷ்டியைவிடப் பெரிய துண்டு இருக்கக் கூடாது. பெரிய துண்டுகளுக்கு நடுவே வெற்றிடம் நின்றுவிடும், பிற்பாடு தண்ணீர் இறங்கும்போது மேல் மண் அந்த ஓட்டைக்குள் சரியும், தரை உட்காரும். அரையடி கனத்துக்கு ரப்பீஸைப் பரப்பி, இடைவெளியில் இறங்குகிற மாதிரி சரள் மண்ணைத் தூவி, தண்ணீர் விட்டு, இயந்திரத்தால் இறுக்கி, அதற்கு மேல் அடுத்த அரையடி. வாடகைக்குக் கிடைக்கும் இயந்திரம்தான், கையால் திமிசு போட்டு ஒப்பேற்ற வேண்டாம். மேல் முக்கால் அடிக்கு ரப்பீஸ் வேண்டாம், சரளும் அதன் மேல் கிரஷர் டஸ்டும் போட்டு, கரையான் மருந்து அடித்து, பிறகு பி.சி.சி (கம்பியில்லாத கான்கிரீட்). காலத்தின் பாதமான பூட்டிங்குக்கு அடியில் மட்டும் ஒரு சட்டி ரப்பீஸ்கூடப் போகக் கூடாது. இதில் எந்த மேஸ்திரி சமாதானம் சொன்னாலும் கேட்காதீர்கள், பூட்டிங் உட்கார வேண்டியது தோண்டிக் கண்ட இயற்கையான கெட்டி மண்ணில்தான். பழைய அஸ்திவாரம் குறுக்கே வந்தால் அந்த இடத்தில் முழுவதுமாக எடுத்துவிட வேண்டும்.

நிரப்பில் சேரக் கூடாதவை எவை என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மரத்துண்டு, தட்டி, சாக்கு, மரத்தூள் எல்லாம் கரையானுக்கு வைக்கிற விருந்து. தெர்மாகோல், பிளாஸ்டிக், வயர் உறை இறுகாது. ஜிப்சம் சீலிங், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேலைகள் ஏதும் பிற்காலத்தில் செய்திருந்தால் அந்தத் துண்டுகளைக் கண்டிப்பாகத் தனியே எடுங்கள், அதிலுள்ள சல்பேட் ஈரத்தில் கரைந்து கான்கிரீட்டைத் தின்னும். உப்பு அரித்த செங்கல்லும் காலத்துக்கும் பீமுக்கும் பக்கத்தில் வேண்டாம். பின்வாசலில் சாய்ப்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் சம்மட்டியால் உடைக்க விடாதீர்கள். அந்த நார்த்தூசி நுரையீரலில் போய்த் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாகவே இறக்கி, பாலிதீனில் சுற்றி வைத்து, மண்டல அலுவலகத்தில் சொல்லி அவர்கள் காட்டும் வழியில் ஒப்படையுங்கள். பழைய டியூப் லைட்டில் பாதரசம் உண்டு, அதையும் உடைக்காமல் தனிப்பெட்டியில் வையுங்கள்.

இரண்டு குழிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வீட்டில் கிணறு இருந்தால் ரப்பீஸ் கொட்ட அதைவிட வசதியான இடம் இல்லை என்று எல்லோருக்கும் தோன்றும், இடிக்க வருகிறவர் முதல் நாளே அதைத்தான் எட்டிப் பார்ப்பார். விடாதீர்கள். தூர்ந்த கிணற்றைத் திரும்ப எடுக்க முடியாது, மேலே கட்டினால் அந்த இடம் என்றைக்கும் நம்பகமில்லாத நிலம். அதைத் தூர்வாரி மூடி போட்டு மழைநீரை அதற்குள் இறக்கினால் உங்கள் போர்வெல்லுக்கும் பக்கத்து வீட்டுப் போர்வெல்லுக்கும் நல்லது. அடுத்தது செப்டிக் டேங்க். பாதாளச் சாக்கடை வந்த பிறகு பயன்படுத்தாமல் மூடிக் கிடக்கிற பழைய தொட்டிகள் நிறைய உண்டு. கழிவுநீர் வண்டியை வரவழைத்து உறிஞ்சி எடுத்து, திறந்து காற்றாட விட்டு, பிறகு உடைத்து நிரப்ப வேண்டும். எந்த ஆளையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள், ஐந்து நிமிட வேலைதான் என்று யார் சொன்னாலும் சரி. அதில் நிற்கிற வாயு சத்தமில்லாமல் கொல்லும், 2013ஆம் வருடச் சட்டப்படி ஆளை இறக்குவது குற்றமும்கூட.

இடித்த கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்கிப் புதுத் தளத்துக்கே போடலாமா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். ஐ.எஸ். 383 என்கிற ஜல்லி, மணல் தரத்தில் 2016 திருத்தத்தின்போது மறுசுழற்சி ஜல்லியை அனுமதித்திருக்கிறார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 என்கிற வலிமைத் தரம் வரைக்கும் ஐந்தில் ஒரு பங்கு, கம்பியில்லாத கான்கிரீட்டில் கால் பங்கு, எம்15க்குக் கீழான மெலிந்த கலவையில் முழுக்கவே. ஆனால் அது ஆலையில் நொறுக்கி, கழுவி, அளவு பிரித்து, சோதனை செய்த ஜல்லிக்குச் சொன்னது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அப்படிப்பட்ட ஆலைகள் வந்திருக்கின்றன. உங்கள் மனையில் சம்மட்டியால் உடைத்த துண்டு அந்த வகையில் சேராது. பழைய காரை ஒட்டிய ஜல்லி தண்ணீரை அதிகம் உறிஞ்சும், கலவையின் கணக்கு தவறும். ஆகவே தளத்துக்கும் பீமுக்கும் வேண்டாம், பின்பக்க நடைபாதைக்கும் பைக் நிறுத்துகிற இடத்துக்கும் அடியில் போடும் மெலிந்த கான்கிரீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய கம்பியும் அதே மாதிரிதான், நிமிர்த்தித் திரும்பக் கட்டக் கூடாது, பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுக் கொடுத்துவிடுங்கள், அது உருக்காலைக்குப் போய்விடும். தேக்கு, பனங்கை எல்லாம் தட்டிப் பார்த்து உள்ளே பொள்ளல் இல்லையென்றால் விலை போகும், ஆனால் விற்பதற்கு முன் உங்கள் புது வீட்டு நிலைக்கும் கதவுக்கும் ஆகுமா என்று தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், நாற்பது ஐம்பது வருடம் காய்ந்த மரம் இனி வளையாது.

இடிப்பு ஒப்பந்தத்துக்கு வருகிறேன். நம் ஊரில் வழக்கமாக இடிக்கிறவர் மரம், கதவு, இரும்பு, நல்ல செங்கல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார், அதற்காக உங்களுக்குக் கையில் கொஞ்சம் தருவார் அல்லது கூலி கேட்காமல் இடித்துக் கொடுப்பார். காசாகிற பொருளுக்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிட்டார், காசாகாத ரப்பீஸுக்கு யாருமில்லை. டீசல் போட்டு எவ்வளவு தூரம் கொண்டுபோகிறாரோ அவ்வளவும் அவருக்கு நஷ்டம், அதனால் ராத்திரியில் மிகப் பக்கத்தில் இருக்கிற பள்ளத்துக்குத்தான் அது போகும். அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, பேசிய பேச்சே அப்படிப்பட்டது. பேச்சை மாற்றுங்கள். எந்தெந்தப் பொருள் உங்களுக்கு, எது அவருக்கு, பிரித்து அடுக்கும் கூலி எவ்வளவு, மிச்ச ரப்பீஸ் எத்தனை யூனிட், எந்த இடத்துக்குப் போகிறது, வண்டி வாடகை யார் கணக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கடைசித் தவணையைக் கொட்டிய இடத்தின் ரசீதோ போட்டோவோ பார்த்த பிறகு கொடுங்கள். போகிற இடத்தை எழுத்தில் தர மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

"எங்க மனை பள்ளமா கிடக்கு, அங்க கொட்டுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் கே.டி.சி நகர், ரெட்டியார்பட்டிப் பக்கமெல்லாம் உண்டு. நல்ல வழிதான், ஆனால் அந்த நிலம் பட்டா நிலமா, ஓடைப் புறம்போக்கா, குளத்து உள்வாயா என்று நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறையின் ஏ பதிவேட்டில் பார்த்த பிறகு அனுப்புங்கள், சர்வே எண் இருந்தால் ஆன்லைனிலேயே தெரியும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊர் மற்ற ஊர் மாதிரி இல்லை. தாமிரபரணியிலிருந்து பிரிகிற பாளையங்காலும் நெல்லைக் கால்வாயும் கோடகன் காலும் வீடுகளுக்கு நடுவிலேயே ஓடுகின்றன, நயினார்குளம், வேய்ந்தான்குளம் எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. 2023 டிசம்பர் 17, 18இல் என்ன நடந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, இங்கே ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் கொக்கிரகுளமும் வண்ணார்பேட்டையும் தண்ணீருக்குள். அவ்வளவு மழைக்கு ரப்பீஸ்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அது பெரிய பொய்யாகிவிடும். ஆனால் வழக்கமான ஐப்பசி மழைக்கே தெருவில் தண்ணீர் நிற்கிற இடங்களில் வாறுகாலைத் தோண்டிப் பார்த்தால் இறுகிய சிமென்ட் பாலும் எம்-சாண்டும் உடைகல்லும்தான் வருகின்றன, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ராமையன்பட்டிக் கிடங்குக்குப் போகிற வீட்டுக் குப்பை வண்டியிலும் இதைச் சேர்க்கக் கூடாது, வீட்டுக் கழிவோடு ரப்பீஸ் கலந்தால் இரண்டையுமே பிரித்தெடுக்க முடியாது.

மூன்று சென்ட்டில் இதையெல்லாம் எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். உண்மையில் கஷ்டமான பகுதி இதுதான். மனையை இரண்டாகப் பிரித்து, பின்பாதியை முதலில் தோண்டி பூட்டிங் முடித்து, ரப்பீஸை முன்பாதியில் வைத்து, பிறகு பின்பாதியில் நிரப்பிவிட்டு முன்பாதிக்கு வரலாம். மேஸ்திரிக்குப் பிடிக்காது, வேலை இரண்டு தடவை என்பார், ஆனால் நடக்கும். பக்கத்தில் காலி மனை இருந்தால் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி இரண்டு மாதம் வைத்துவிட்டுச் சுத்தம் செய்து கொடுக்கலாம். எப்படி வைத்தாலும் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துக் குவிக்கக் கூடாது, மழையில் ஊறிக் கனத்தால் சுவர் அடுத்தவர் பக்கம் சாயும். ஐப்பசிக்கு முன்னால் நிரப்பி முடிகிற மாதிரி தை, மாசியில் இடிப்பைத் தொடங்குங்கள்.

புது வேலையில் வருகிற கழிவு இதைவிட ரொம்பக் குறைவு. அதில் பெரும்பகுதி வீட்டுக்காரர் மனசு மாறுவதால் வருகிறது, பூசின சுவரை உடைத்து ஸ்விட்ச் இடம் மாற்றுவது, பதித்த டைலைப் பெயர்ப்பது. எலக்ட்ரீசியனையும் பிளம்பரையும் பூச்சுக்கு முன் சேர்த்து உட்கார வைத்துச் சுவரில் சாக்பீஸால் எல்லாவற்றையும் குறித்துவிட்டால் இது பெருமளவு போய்விடும். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வரும், வெட்டும் பட்டியல் போட்டுக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள். கான்கிரீட் மிஞ்சினால் வாறுகால் மூடிப் பலகைக்கும், கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக்குக்கும் அச்சு தயாராக இருக்கட்டும். மிக்சர் கழுவிய தண்ணீரை வாறுகாலில் விடாமல் மனைக்குள் ஒரு குழியில் தேங்கவிட்டு, அடியில் இறுகுவதை நிரப்பில் போடுங்கள்.

நேரில் பார்க்காமல் நான் சொல்லக் கூடாதது ஒன்று உண்டு. பாளையில் பழைய தெருக்களிலும் வளவு வீடுகளிலும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கும், உங்கள் உத்திரம் அதில் உட்கார்ந்திருக்கலாம், அவர்கள் கூரை உங்கள் சுவரை நம்பி நிற்கலாம். இடிக்கும் முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்து அதைப் பார்க்க வையுங்கள், பக்கத்து வீட்டுச் சுவர்களில் இப்போதே இருக்கிற விரிசல்களை அவர்களை வைத்துக்கொண்டே தேதியோடு போட்டோ எடுத்துவிடுங்கள். இடிக்கிற நாட்களில் பச்சை வலை கட்டி, தண்ணீர் அடித்துக்கொண்டே இடிக்கச் சொல்லுங்கள். வேலையாட்களுக்குத் துண்டு போதாது, என்95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், காரைத் தூசியில் இருக்கும் சிலிகா நுரையீரலில் சேர்ந்தால் திரும்ப வெளியே வராது.

சுவர் சுண்ணாம்பா சிமென்டா, மேலே ஓடா மரத்தளமா கம்பித் தளமா, கிணறு இருக்கிறதா, முன்னால் தெரு எத்தனை அடி என்று நான்கையும் எழுதுங்கள். பின்பாதி முன்பாதி வரிசையை உங்கள் மனைக்கு எப்படி வைக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.